இரண்டாவது இழை

கெடு முடிய இருபத்தொன்பது மணி நேரம் இருந்தது. அதற்குள் ஹோஸ்ட் சர்வரை, ஆட்களின் அடையாளங்களைப் பதிந்துவைக்கும் மாநில டைரக்டரியோடு சேர்த்துவிட வேண்டும். சேர்க்காவிட்டால் நிலையத்தின் உரிமம் போய்விடும். ரேணுகா மூன்றாவது முறையாகக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தாள். மூன்றாவது முறையும் அது முடியாது என்றது.

"என்னவாம்?" என்றார் சின்னதுரை. அவர் ஏ.சி.க்குக் கீழே தரையில் உட்கார்ந்து ஒயர்களுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். நிலையம் திறந்த நாளிலிருந்து இருப்பவர். மின்சார வேலைக்கு வந்தவர், இப்போது எல்லா வேலைக்கும் அவர்தான்.

"நம்ம கடிகாரம் தப்பா இருக்குண்ணே. அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா டைரக்டரி நம்மள நம்பாது. நாம பதினோரு நிமிஷம் பின்னாடி இருக்கோம்."

சின்னதுரை சிரித்தார். "அது அப்படித்தான் இருக்கும். திறப்பு விழா வெள்ளிக்கிழமை. குத்துவிளக்கு ஏத்த வேண்டியவர் வந்து சேரும்போது பத்து முப்பத்தாறு. பத்தரைக்கே ராகு காலம் பொறந்துருச்சு. முதலாளி மூஞ்சியில ஈ ஆடலை. நான்தான் சொன்னேன், கவலைப்படாதீங்க, சர்வர் கணக்குல பத்து இருபத்தஞ்சுக்கே ஆரம்பிச்ச மாதிரி பண்ணிடலாம்னு."

"அப்புறம் யாருமே திருப்பி வைக்கலையா?"

"எதுக்கு? நல்ல நேரத்துல ஆரம்பிச்சது. ஆறு வருஷமா ஒரு தும்மல்கூட இல்லாம ஓடுது."

ரேணுகா கடிகாரத்தைச் சரிசெய்தாள். சின்னதுரை ஒரு முறை சர்வரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நிலையம் அறந்தாங்கியில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இருந்தது. ஹோஸ்ட் நின்றது சாப்பாட்டுக்கூடத்தில். பார்வைக்கு ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் நாற்பத்தொரு தனித்தனி இயந்திரங்கள் இருப்பதுபோல் ஒரு பாவனை. ஒவ்வோர் இயந்திரத்துக்குள்ளும் ஒரு மனிதரின் பிரதி. அந்த மனிதர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் கப்பல்களிலும் கடலுக்குள் நிற்கும் எண்ணெய் மேடைகளிலும் வேலை பார்த்தார்கள். போவதற்கு முன் இங்கே வந்து, மூன்று நாள் தலையில் கம்பித் தொப்பி மாட்டி உட்கார்ந்து, தங்கள் பிரதியை விட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டு அலமாரியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பிரதி அதன் வழியாக வீட்டைப் பார்க்கும், பேசும், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும், மாமியார் மருமகள் சண்டை வந்தால் வாயை மூடிக்கொள்ளும். மாதம் ஒருமுறை அசல் ஆள் அங்கிருந்து அழைத்து இரண்டு பக்கத்துச் சேதிகளையும் ஒன்றாக்கிக்கொள்வார். அலுவலகத்தில் இவர்களுக்கு கெஸ்ட் என்று பெயர். ஊர்ப் பெண்கள் 'எங்க பெட்டிக்காரர்' என்பார்கள்.

"எனக்கு ஒண்ணு புரியலை," என்றார் சின்னதுரை. "நம்மகிட்ட ஒரு பாஸ்வேர்டு இருக்கு. எல்லாருக்கும் தெரியும். யாரும் மறந்துரக் கூடாதுன்னு ஏ.சி. மேலயே எழுதி வச்சிருக்கோம். இதுக்கு மேல என்ன வசதி வேணும்?"

"அதுதாண்ணே பிரச்சினை. யாரு உள்ள வந்தாலும் 'அட்மின்'னு ஒரே பேருதான் பதிவாகுது. நீங்க வந்தாலும் அட்மின், நான் வந்தாலும் அட்மின்."

"வாட்ச்மேன் வேலாயுதம்கூட உள்ள போறான். கேட்டா, ஒரு கெஸ்டுகிட்ட கிரிக்கெட் ஸ்கோர் கேக்கறானாம். அவனும் அட்மினா?"

"ஆமா. இனிமே அவங்கவங்க பேர்லதான் வர முடியும். யாரு, எப்ப வந்தாங்க, எந்தக் கதவைத் திறந்தாங்கன்னு டைரக்டரிக்குத் தெரியும். கெஸ்டுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு கெஸ்டையும் அசல் ஆளோட பதிவோட கட்டிடுவோம். அந்தப் பதிவு இருக்கிற வரைக்கும் கெஸ்ட் ஓடும். ஆள் போயிட்டா பதிவு முடங்கும், கெஸ்ட் தானா நின்னுரும்."

"பாவமே. நின்னாத்தான் ஆகணுமா?"

"எங்கயோ ஒரு ஆள் செத்து நாலு வருஷம் கழிச்சு, அவரோட பிரதி மக கல்யாணத்துக்குச் சம்மதிக்க மாட்டேன்னு சொல்லிருச்சு. சொந்தக்காரங்கல்லாம் அப்பா பேச்சை மீறக்கூடாதுன்னுட்டாங்க. அந்தப் பொண்ணு கோர்ட்டுக்குப் போனா. அப்புறம் வந்த சட்டம் இது."

"செத்தும் விடலையா மனுசன்," என்று சின்னதுரை மறுபடி டேப்பை எடுத்தார்.

ரேணுகா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவங்கவங்க பேர்லதான் வர முடியும் என்று தன் வாயாலேயே சொன்னது காதில் நின்றது.

யாருக்கும் தெரியாத ஒரு பழக்கம் அவளிடம் இருந்தது. பி.எஸ்ஸி. முடித்து இந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. விடுதி அறையில் உடன் இருந்தவள் போனில் மட்டும் பேசுவாள். காலை ஷிப்டை யாரும் விரும்பாததால் அது இவளுக்கு வந்தது. கூடத்தில் தனியாக இருக்கும்போது, ஒரு நாள் ஏதோ சோதித்துப் பார்க்க ஒரு கெஸ்டின் ஒலித்தடத்தைத் திறந்தாள். மூடவில்லை. மறுநாளும் திறந்தாள். ஒரு வருடத்துக்கு மேலாகத் திறந்துகொண்டிருந்தாள்.

அது குழந்தைவேலின் வீடு. அசல் குழந்தைவேல் வளைகுடாவில் ஓர் எண்ணெய் மேடையில் இருந்தார். அவர் மனைவி வளர்மதி இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்றாள். காலையில் முதலில் கிரைண்டர் சத்தம் வரும். பிறகு பெட்டியிலிருந்து அவர் பிரதியின் குரல் வரும்.

"கொல்லையில முருங்கை பூத்துருச்சு. போன வருஷத்தைவிட இந்தத் தடவை அதிகம். எதிர்வீட்டு சார் நம்ம சுவத்துல காரை உரசிட்டு உரசவே இல்லைன்னு சாதிக்கிறாரு. மளிகைக்கடை பாய் பல் செட்டு வச்சிருக்காரு, சிரிச்சா பத்து வயசு குறைஞ்சு தெரியுது."

"எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே, யாருக்குச் சொல்றீங்க?" என்று கிரைண்டருக்கு மேலே வளர்மதி கத்துவாள்.

"சும்மா சொல்லி வைக்கிறேன் கலெக்டரம்மா."

ரேணுகா அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே டீ குடிப்பாள். அந்தத் தெருவுக்கு அவள் போனதே இல்லை. ஆனால் அங்கே யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை தெரியும்.

இத்தோடு நின்றிருந்தால்கூட ஒருவாறு தாங்கியிருக்கலாம்.

சில மாதங்களுக்கு முன் அசல் குழந்தைவேலின் மாதாந்திர அழைப்பு வரவில்லை. பிரதி ஏன் என்று கேட்டது. "கம்பெனி மாறிட்டாராம். புதுக் கம்பெனியில போனெல்லாம் வாங்கி வச்சுக்கறாங்களாம்," என்றாள் வளர்மதி. அடுத்த மாதம், "கடல் நடுவுல சிக்னல் இல்லையாம்" என்றாள். போனே இல்லாதவருக்கு சிக்னல் எதற்கு? அதற்கடுத்த மாதம், "பேசினாரே, நீங்க தூங்கிட்டிருந்தீங்க" என்றாள். பிரதிக்குத் தூக்கம் கிடையாது. அவர் அதற்கும் சரி என்றார். ரேணுகாவுக்கு வளர்மதி மேல் கோபம் வந்தது. இவள் எதையோ மறைக்கிறாள், அந்த நல்ல மனிதரை ஏமாற்றுகிறாள் என்று தோன்றியது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிவிட்டாள். அந்த மேசையில் அவள் வாய் திறந்ததே அபூர்வம். எல்லோரும் பேசுவார்கள், இவள் டிபன் பாக்ஸைப் பார்த்துச் சாப்பிடுவாள். அன்று ஏதோ ஒரு தைரியத்தில், பேர் சொல்லாமல், ஒரு மாவுக்கடை அம்மா தன் பெட்டிக்காரரிடம் சொல்லும் பொய்களை அதே குரலில் நடித்துக் காட்டினாள். போன் வாங்கி வைக்கிற கம்பெனி. சிக்னல் இல்லாத கடல். மேசையே சிரித்தது. "பாருடா, நம்ம ரேணுகாவுக்கும் வாய் இருக்கு," என்றார் சின்னதுரை. "அப்ப அந்தம்மா வேற யாரையோ சேத்துக்கிச்சுன்னு சொல்லு." ரேணுகா மறுக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கும் ஊறுகாய் பங்கு வந்தது.

இப்போது அவள் பெயர்களைப் பொருத்திப் பார்க்கும் கட்டளையைக் கொடுத்தாள். நாற்பது கெஸ்டுகள் ஒவ்வொன்றாக டைரக்டரியின் பதிவோடு சேர்ந்து பச்சையாயின. ஒன்று மட்டும் சிவப்பில் நின்றது.

குழந்தைவேல். பதிவு முடக்கம்.

பாஸ்போர்ட் காலாவதியாகியிருக்கும் என்று நினைத்து விவரத்தைத் திறந்தாள். காரணம் என்ற இடத்தில் மரணம் என்று இருந்தது. பதிந்தது தூதரகம். எட்டு மாதம் ஆகியிருந்தது. புதுக் கம்பெனியில் போன் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று வளர்மதி சொன்ன அதே வாரம்.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். சின்னதுரை எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

"அப்ப அந்தம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். டேப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "என் வீட்டுக்காரி அங்க மாவு வாங்கறதை நிறுத்தி நாலு மாசம் ஆச்சு."

"ஏண்ணே?"

"நீ பேர் சொல்லலை. ஆனா மாவுக்கடை, புருஷன் எண்ணெய் மேடைன்னா இந்த ஊர்ல எத்தனை பேர்? வீட்ல போய்ச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவ தெருவுல சொல்லிட்டா."

அவர் இவளைக் குறை சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். அதனால் இவளுக்கு இன்னும் கூசியது.

"பதிவு இல்லாம ஓட்ட வழி இருக்கா?" என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி.

"டைரக்டரிக்குத் தெரியாம ஒரு உள்ளூர்க் கணக்கு வச்சு ஒளிக்கலாம். தணிக்கையில மாட்டினா மத்த நாற்பது வீடும் நின்னுரும்."

"வேண்டாம். போய்ச் சொல்லிட்டு வா. நான் வரலை. எந்த மூஞ்சியோட வர்றது?"

தனக்கு மட்டும் எந்த முகம் என்று ரேணுகா கேட்கவில்லை.

மறுநாள் காலை அவள் ஒலித்தடத்தைத் திறக்கவில்லை. நேரே அந்தத் தெருவுக்கு நடந்தாள். எதிர்வீட்டுக் கார் உரசிய சுவரைப் பார்த்ததும் வீடு தெரிந்துவிட்டது. அப்படித் தெரிந்தது அவமானமாக இருந்தது. இருந்தும் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "மாவு விக்கிற அக்கா வீடு எது?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

வளர்மதி அவள் நினைத்ததைவிடச் சிறியவளாக இருந்தாள். நெற்றியில் குங்குமம், புடவையில் மாவுத் தெறிப்பு. நிலையத்திலிருந்து வருகிறேன் என்றதும் உதட்டில் விரலை வைத்து, அவளைச் சமையலறை வழியாகக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். அலமாரியில் பெட்டி இருந்தது.

"யாரு கலெக்டரம்மா?" என்று அது கேட்டது. ரேணுகா நடையை நிறுத்தி அலமாரியைப் பார்த்தாள். இயர்போன் இல்லாமல் அந்தக் குரலைக் கேட்பது அதுதான் முதல் முறை.

"கரண்டு ஆபீஸ்," என்றாள் வளர்மதி. கொல்லைக்கு வந்து கதவைச் சாத்தியபின், "தெரிஞ்சு போச்சா?" என்றாள்.

"ஆமாக்கா."

வளர்மதி துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். "கம்பெனிக்காரன் போன்ல சொன்னான். மேடையில ஒரு பக்கம் சரிஞ்சு மூணு பேர் கடலுக்குள்ள போயிட்டாங்க, உடம்பு கிடைக்கலைன்னான். கிரைண்டர் ஓடிக்கிட்டிருக்கு. என்ன, என்னன்னு ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது தடவை கேக்க வாய் வரலை. உள்ள வந்தா இவரு, 'யாரு போன்ல?'ங்கறாரு. அதே குரல். 'மாவு ஆர்டர்'னு சொன்னேன். அன்னிக்கு ஆரம்பிச்சது."

"வேற யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா உங்களுக்குத் தெரியும். நீங்க நிறுத்திருவீங்க. அண்ணன் மக காதுகுத்துக்குப் பூ வச்சுக்கிட்டுப் போய் உக்காந்திருந்தேன். உன் வீட்டுக்காரர் ஏன் வரலைன்னு எல்லாரும் கேட்டாங்க. லீவு கிடைக்கலைன்னேன். வீட்டுக்கு வந்து அந்தப் பூவைப் பிய்ச்சுப் போடக்கூட எனக்குத் தைரியம் இல்லை. இவரு பாத்துக்கிட்டிருப்பாரே." முந்தானையால் கையைத் துடைத்தாள், கை ஈரமாக இல்லை. "ஊர்ல வேற கதை ஓடுது. எனக்கு எவனோ இருக்கானாம். இவர்கிட்ட நான் சொன்ன போன் கதையை, சிக்னல் கதையை, நான் இழுத்துப் பேசுற மாதிரியே பேசிக் காட்டுறாளுங்க. நாலு சுவத்துக்குள்ள பேசினது எப்படி வெளிய போச்சு? பக்கத்து வீட்டு ஜோதிதான் ஒட்டுக்கேட்டிருக்கணும். பத்து வருஷப் பழக்கம். அவ முகத்துல முழிக்கிறதே இல்லை இப்ப."

வளர்மதி ரேணுகாவின் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும்.

"இருக்கும்க்கா," என்றாள்.

சொன்னபிறகு அந்தச் சொல்லைத் திருப்பி விழுங்க முடியவில்லை. முருங்கைமரத்தைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கெடு முடியும்போது பெட்டிக்காரர் எப்படி நின்றுபோவார் என்பதை விளக்கினாள்.

"வலிக்குமா?" என்றாள் வளர்மதி.

"தூங்கற மாதிரின்னு சொல்றாங்க."

"சொல்றவங்க யாரும் நின்னு பாத்ததில்லையே." கல்லிலிருந்து எழுந்தாள். "அஞ்சு மணி வரைக்கும் இப்படியே சிரிச்சுப் பேசி அனுப்பிடலாம்னுதான் தோணுது. ஆனா எட்டு மாசமா பொய் சொல்லிட்டேன். கடைசி வார்த்தையும் பொய்யா இருக்கக் கூடாது. நீ வந்து பக்கத்துல இரு தங்கச்சி. தனியா சொல்ல எனக்குத் தெம்பில்லை."

நாலு மணிக்கு ரேணுகா மறுபடி வந்தாள். வளர்மதி கிரைண்டரைத் துணி போட்டு மூடியிருந்தாள். சமையலறையில் பெட்டிக்கு எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.

"காலையில வந்த கரண்டு ஆபீஸ் பாப்பாதானே?" என்றார் குழந்தைவேல். "மீட்டர் பார்க்க வந்தவங்களுக்கு நாற்காலியா? எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்ல நாற்காலி போட்டது பேங்க் மேனேஜருக்கு மட்டுந்தான். பாப்பா, காபி கேளு. இவ காபி நல்லா போடுவா. நான் குடிச்சதில்லை, அவன் குடிச்சிருக்கான், எனக்கு ஞாபகம் இருக்கு."

தன் அசலை அவர் 'அவன்' என்றுதான் சொல்வார், தம்பியைச் சொல்வதுபோல.

"அவ கரண்டு ஆபீஸ் இல்லைங்க. உங்க நிலையத்துல இருந்து வந்திருக்கா," என்றாள் வளர்மதி. "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அவள் இரண்டு முறை ஆரம்பித்தாள். மூன்றாவது முறை தலையைக் குனிந்துகொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

"அவரு கம்பெனி மாறலை. அங்க மேடை சரிஞ்சு கடலுக்குள்ள விழுந்துட்டாரு. எட்டு மாசம் ஆச்சு. அவரு இல்லைங்க. செத்துட்டாரு."

பெட்டிக்குள்ளிருந்து அவர் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை, ஆறுதல் இருந்தது.

"யாரோ உன்னை நல்லா பயமுறுத்தி இருக்காங்க. அழாதே. கம்பெனிக்காரனுக்கு ஆள் மாறியிருக்கும். அங்க ஒரே பேர்ல நாலு பேர் இருப்பான். அவன் நல்லா இருக்கான்."

"இல்லைங்க..."

"எனக்குத் தெரியும்மா. உன்கிட்ட இத்தனை நாள் சொல்லலை, ரெண்டு பேரும் ஏதோ மனஸ்தாபத்துல பேசாம இருக்கீங்கன்னு நினைச்சேன். உனக்கு வெளியில இருந்து தெரியாது, எனக்கு உள்ள இருந்து தெரியும். இந்தப் பெட்டியில இருந்து எனக்கு ஒரு இழை வரும். அதுல நீ, இந்தச் சமையலறை, தெரு எல்லாம். தினம் காலையில ரெண்டாவது இழை ஒண்ணு திறக்கும். பேர் இருக்காது, பேசாது. கேட்டுக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சுப் போயிடும். வேற யாரு வருவா? அவன்தான். நீ சொல்ற எட்டு மாசமும் வந்துக்கிட்டுத்தான் இருக்கான். நேத்துக்கூட வந்தான். இன்னிக்கு மட்டும் காணோம், வேலை இருந்திருக்கும்."

வளர்மதி தலையை நிமிர்த்தினாள்.

"என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார். "பொண்ணு பாக்க வந்தப்பவே ஜன்னலுக்கு வெளிய நின்னு உன் குரலைக் கேட்டுட்டுத்தானே உள்ள வந்தவன். அவனுக்குப் பேசத்தான் வெக்கம். அதனாலதான் நான் தினமும் சொல்றது, முருங்கை பூத்ததை, பாய் பல்லு வச்சதை. உனக்கா சொன்னேன்? நீ பாத்ததை உனக்கு எதுக்குச் சொல்றேன். வீட்டு ஞாபகத்துல வந்து கேக்கறவன், வெறுங்கையா போகக் கூடாதில்ல."

ஒரு வருடத்துக் காலைகளும் ரேணுகாவின் மடியில் வந்து கொட்டியதுபோல் இருந்தது. அவ்வளவும் இன்னொருவருக்கு வைத்தது.

"உடம்பு கிடைக்கலைன்னுதான் சொன்னான்," என்றாள் வளர்மதி. யாரிடமும் இல்லாமல் சொன்னாள். பிறகு குரல் ஏறியது. "ஆமா, உடம்பு கிடைக்கலையே. யாரும் கண்ணால பாக்கலையே." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வர ஆரம்பித்தது. கொல்லையில் பார்த்த முகம் இல்லை அது. பார்க்கச் சகிக்கவில்லை.

ரேணுகாவின் கைபேசி அதிர்ந்தது. "மணி ஆகுதும்மா," என்றார் சின்னதுரை. "எல்லாம் தயாரா இருக்கு. ஆரம்பிக்கவா?"

"இருங்கண்ணே."

வளர்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாவு அரைத்துக் காய்த்துப்போன கை. "தங்கச்சி, நீ அங்கதானே வேலை பாக்கிறே. அந்த ரெண்டாவது இழை யாருன்னு உங்க மெஷின்ல பாத்தா தெரியுமில்ல? அவரா இருந்தா எங்க இருந்து பேசறாருன்னு கண்டுபிடிச்சிடலாமில்ல? சொல்லும்மா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அது யாரு?"

ஒரே பேர்தான் பதிவாகியிருக்கும், யாரென்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லலாம். அது உண்மையும்கூட. பதிவில் அட்மின் என்றுதான் இருக்கும். எந்தத் தணிக்கையிலும் ரேணுகாவின் பெயர் வராது. அவர் சந்தோஷமாகவே நின்றுபோவார். வளர்மதி நாளையிலிருந்து கடலைப் பார்த்துக் காத்திருப்பாள். எத்தனை வருடம் என்று யாருக்குத் தெரியும்.

"சொல்லு பாப்பா," என்றார் பெட்டிக்குள்ளிருந்து, செல்லமாக. "நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. ஆபீஸ்காரங்க நீ சொல்லு."

கைபேசியில் சின்னதுரை மூச்சு விடுவது கேட்டது. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ரேணுகா அதை அணைக்கவில்லை. வளர்மதியின் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். சொன்ன பிறகு அவளே உதறும்படி வைக்க வேண்டாம் என்று தோன்றியது.

"அது உங்க வீட்டுக்காரர் இல்லைக்கா," என்றாள். அது வாய்க்குள்ளேயே நின்றது. இன்னொரு முறை, இருவருக்கும் கேட்கும்படி சொன்னாள். "தினம் காலையில வந்து கேட்டது நான். அந்த போன் கதையை வெளியில சொன்னது ஜோதி அக்கா இல்லை. அதுவும் நான்தான்."